பன்னிரண்டு மில்லிமீட்டர்

ஐப்பசி பிறக்க நாலு நாள்.
வியாசர்பாடி மேம்பாலத்துக்கு அருகே
கஸ்பார் டயர் கடையில்
ஜாக்கி மேல் நிற்கிறது வண்டி.

ஒரு ரூபாய் நாணயத்தைத்
டயரின் பள்ளத்தில் செருகிப் பார்க்கிறான்.
பின் சக்கரங்களில் பாதி புதைகிறது.
முன்னால் நிற்கவே இல்லை,
விழுந்து உருண்டு சாக்கடை ஓரம் போகிறது.
"இது டயர் இல்லக்கா, பலூன்."

அறுபத்திரண்டாயிரம் கிலோமீட்டர்.
பகல் என்னுடையது:
எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளின் புட்டம் பார்த்து
முதல் கியரில் ஊர்ந்தது,
தண்டையார்பேட்டை சந்துகளில் ரிவர்ஸ் எடுத்தது,
ஸ்டான்லிக்கு ஒரு பிரசவம்
(நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்).
இரவு தேசிங்குடையது:
விமான நிலையம், ஜி.எஸ்.டி. ரோடு, நூறில் போகிற சுகம்.
ஒரே வண்டி, ஒரே இ.எம்.ஐ.
சாவி கை மாறும்போதுதான்
நாங்கள் கணவன் மனைவி.

தேசிங்கு சொல்லியனுப்பியது:
பதினைந்து இஞ்ச், அலாய்.
அதோ சங்கிலியில் தொங்குகிறது,
ஐந்து விரல் விரித்து மினுக்கிக்கொண்டு.
"வெளிச்சுத்து அதேதான்க்கா, ரெண்டு மில்லிதான் வித்தியாசம்.
மீட்டர் பொய் சொல்லாது."

அப்படியானால்
ஒரு இஞ்ச் வளர்ந்த இரும்பு
யாருடைய இடத்தைத் தின்றது?

டயரின் விலாவில் எழுதியிருப்பதை
ஒன்பது வருடம் வாசிக்காமல் ஓட்டியிருக்கிறேன்.
165, ஒரு சாய்கோடு, 80.
எண்பது மில்லி உயரம் என்றிருந்தேன்.
இல்லையாம், அகலத்தில் எண்பது சதம்.
பழைய பில்லின் பின்புறம் பெருக்கினேன்:
நூற்று முப்பத்திரண்டு.
அலாய்க்காரனுக்கு 185, அறுபத்தைந்து சதம்:
நூற்று இருபது.
மிச்சம் பன்னிரண்டு மில்லிமீட்டர் ரப்பர்,
என் சுண்டு விரல் அகலம்.
குழிக்கும் இரும்புக்கும் நடுவே
அவ்வளவுதான் பேச்சுவார்த்தை.

மூலையில் ஒரு ஒற்றை டயர் கிடந்தது.
அதன் மேல் டீ கிளாஸ்.
விலாவில் மூன்று சிகரமுள்ள ஒரு மலை,
மலைக்குள் ஒரு பனிப்பூ.
துறைமுக ஏலத்தில் வந்ததாம்,
எந்தக் குளிர்தேசத்துக்கோ போகவேண்டியது.
தொட்டேன். காதுமடல் மாதிரி மெத்து.
முகமெல்லாம் பொடிப் பொடியாய்க் கீறல்கள்.
"ஏழு டிகிரிக்குக் கீழ எறங்குனாத்தான்க்கா
இதுக்கு உசுரு."

மார்கழியில் இருபதுக்கே
மப்ளர் கட்டுகிற ஊர் இது.
ஏழு டிகிரி இங்கே இரண்டு இடத்தில்தான்:
காசிமேட்டு ஐஸ் ஃபேக்டரி,
ஸ்டான்லி பிணவறை.

"மழைக்கு ஆகுமா?"
"மழைக்கு ஆவும். மறுநா வெயிலுக்கு
பென்சில் ரப்பர் மாதிரி தேஞ்சிரும்."
கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்து
மறுபடி பனிப்பூ மேலேயே வைத்தான்.

பதினாலே போதும் என்றேன்.
அதே இரும்பு, அதே துருப்பிடித்த நட்டு.
கையிலிருந்த காசுக்கு இரண்டு டயர்.
முன்னால் போடு என்றால் கேட்கவில்லை.
"புதுசு பின்னாடிதான்க்கா.
முன்ன வழுக்குனா உனக்குத் தெரியும், புடிச்சிக்குவ.
பின்ன வழுக்குறது
சுத்துனப்புறம்தான் தெரியும்."

ராத்திரி ஒன்பது மணி, சாவி.
தேசிங்கு வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தான்.
"அலாய்?"
"பன்னிரண்டு மில்லிமீட்டர்" என்றேன்.
புரியவில்லை. கேட்கவும் இல்லை.
பின் சக்கரத்தருகே குந்தி
புது ரப்பரில் நீட்டிக்கொண்டிருந்த முடியொன்றைப்
பிடுங்கி விரலில் சுருட்டினான்.
"ஷேவ் பண்ணாமயே அனுப்பிட்டானா?"

சிரித்துவிட்டேன்.
கணேசபுரம் சுரங்கப்பாதை பக்கம் போகாதே என்பதற்குள்
முனை திரும்பிவிட்டான்.
தூறல்.